பழைய காரும் கம்பெனி புல்லட்டினும்: நாமே செய்வதா, மெக்கானிக்கா, டீலரா?

அமெரிக்காவில் பதினைந்து வருஷத்துக் கேம்ரியையோ சிவிக்கையோ இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் நம்மவர்கள் நிறையப் பேர். வண்டியில் ஏதாவது சத்தம் வந்தால், லைட் எரிந்தால், பெரும்பாலும் நடப்பது ஒரே வரிசைதான். முதலில் யூடியூப். அப்புறம், "எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர் இருக்கார், ரொம்பக் கம்மியா செய்வார்" என்று ஒரு நண்பர். அதிலும் தீராவிட்டால் டீலர். அங்கே எஸ்டிமேட்டைப் பார்த்ததும் "வித்துடலாமா?" என்று வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிடும். இத்தனைக்கும் நடுவில் யாரும் தேடாமல் விடுவது, அந்த வண்டியைச் செய்த கம்பெனியே அந்தக் கோளாறைப் பற்றி எழுதி வைத்திருக்கும் நாலைந்து பக்கத்தை. டெக்னிக்கல் சர்வீஸ் புல்லட்டின் என்பார்கள்.

கம்பெனி தன் டீலர்களின் ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பும் குறிப்பு அது. இன்ன மாடலில், இன்ன வருஷத்தில், இன்ன எண் முதல் இன்ன எண் வரை உள்ள வண்டிகளில் இப்படி ஒரு புகார் வருகிறது, காரணம் இது, இப்படிச் சோதித்துப் பாருங்கள், இந்தப் பழைய பார்ட்டுக்குப் பதில் இந்தப் புதிய பார்ட்டைப் போடுங்கள், வேலைக்கு இத்தனை மணி நேரம் கணக்குத் தருவோம். விஷயம் அவ்வளவுதான். இதை ரீகாலோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ரீகால் பாதுகாப்புக் குறைபாட்டுக்காக வருவது, கம்பெனி இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். புல்லட்டினில் சொன்ன வேலை வாரன்டி இருந்தால் இலவசம், முடிந்துவிட்டால் நம் பணம். பழைய காருக்கு அநேகமாக எப்போதும் நம் பணம்தான்.

நம் பணம்தான் என்றால் அதைப் படித்து என்ன லாபம் என்று கேட்கலாம். யாரிடம் வண்டியைக் கொடுப்பது என்ற முடிவையே அது மாற்றிவிடும் என்பதுதான் லாபம். சில புல்லட்டின்களைப் படித்தால் "இதை நாமே செய்துவிடலாம்" என்று தெரியும். சிலவற்றைப் படித்தால் "இதை யார் செய்தாலும் செலவுக்குத் தகாது" என்று தெரியும். இன்னும் சிலவற்றுக்கு டீலரை விட்டால் வேறு வழியே இருக்காது. படிக்காமல் முதலிலேயே ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்பதுதான் பணத்தைக் கரைக்கிறது.

இன்னொன்று. இந்த விஷயத்தில் புதுக் காரைவிடப் பழைய காருக்கு ஒரு வசதி உண்டு. கோளாறு பரவலாகத் தெரிந்து, காரணம் புரிந்து, புல்லட்டின் வெளிவர சில வருஷம் ஆகும். 2006-ல் வந்த சிவிக்கின் எஞ்சின் பிளாக் விரிசலுக்கு ஹோண்டாவின் 08-044 எண் புல்லட்டின். 2007 கேம்ரி ஆயில் குடிப்பதற்கு டொயோட்டாவின் டி-எஸ்பி-0094-11. ஹோண்டா எண்ணில் முதல் இரண்டு இலக்கம், டொயோட்டா எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் வருஷத்தைச் சொல்லும்: 2008, 2011. புது மாடலை வாங்கியவர் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுகிறார். பதினைந்து வயது வண்டிக்கு மொத்த ஜாதகமும் எழுதி முடித்தாகிவிட்டது.

கிடைக்கும் இடம்

முதலில் இலவசம். அமெரிக்காவில் சட்டப்படி, கார் கம்பெனிகள் டீலர்களுக்கு அனுப்பும் இந்த மாதிரிக் குறிப்புகளின் நகலை தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்துக்கும் (என்.எச்.டி.எஸ்.ஏ.) கொடுத்தாக வேண்டும். அவர்கள் இணையதளத்தில் வருஷம், கம்பெனி, மாடல் போட்டுத் தேடினால் ரீகால், புகார்கள், விசாரணைகள் வரும். கூடவே உற்பத்தியாளர் கடிதங்கள் என்று ஒரு பட்டியலும் வரும். புல்லட்டின்கள் அதற்குள் இருக்கும். பழைய வண்டிகளுக்குச் சில சமயம் தலைப்பும் சுருக்கமும்தான் இருக்கும், முழுப் பக்கம் இருக்காது. அது போதாதென்றால் அடுத்த வழிக்குப் போங்கள்.

பலருக்குத் தெரியாத வழி ஊர்ப் பொது நூலகம். நிறைய நூலகங்கள் சில்ட்டன், ஆல்டேட்டா போன்ற பழுதுபார்க்கும் தரவுத்தளங்களுக்குச் சந்தா கட்டி வைத்திருக்கின்றன. நூலக அட்டை எண்ணைப் போட்டு வீட்டிலிருந்தே பார்க்கலாம். பிள்ளைகளுக்குக் கதைப்புத்தகம் எடுக்க மட்டும்தான் அந்த அட்டை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

மூன்றாவது, கம்பெனியின் சொந்தத் தொழில்நுட்பத் தளம். 2012-ல் மாசசூசெட்ஸ் மாநில வாக்காளர்கள் பழுதுபார்க்கும் உரிமைச் சட்டத்துக்கு ஓட்டுப் போட்டார்கள். அதைத் தொடர்ந்து 2014-ல் கம்பெனிகளும் வெளி ஒர்க்‌ஷாப் சங்கங்களும் நாடு முழுவதற்கும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. டீலருக்குத் தரும் தகவலை வெளி மெக்கானிக்குக்கும் விலைக்குத் தர வேண்டும் என்பது அதன் சாரம். கம்பெனித் தளங்களில் குறுகிய காலச் சந்தா வாங்கலாம். டொயோட்டாவுக்கு இரண்டு நாள் சந்தா உண்டு. வண்டியின் புல்லட்டின்கள், ஒயரிங் படம், சர்வீஸ் மேனுவலில் தேவையான அத்தியாயங்கள் எல்லாவற்றையும் அந்த இரண்டு நாளில் பிடிஎஃப் ஆக இறக்கி வைத்துக்கொள்ளலாம். வண்டியை இன்னும் ஐந்து வருஷம் வைத்திருக்கும் எண்ணம் இருந்தால் இதுதான் நல்ல செலவு என்பேன். ஒரு தடவை பார்க்க மட்டும் என்றால் நூலகமே போதும்.

கையில் கிடைத்ததும் முதலில் பார்க்க வேண்டியது, இந்தப் புல்லட்டின் எதை நீக்கிவிட்டு வந்தது என்ற வரி. பழைய எண் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதன்படி வேலையைச் செய்து முடித்த பிறகு, அது இரண்டு தடவை திருத்தப்பட்டிருக்கிறது என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? அடுத்துப் பார்க்க வேண்டியது வின் எண் (ஒவ்வொரு வண்டிக்கும் உரிய அடையாள எண்) வரம்பு, எஞ்சின் எண் வரம்பு. உங்கள் வண்டி அதற்குள் வரவில்லையென்றால் புல்லட்டின் உங்களுக்கு இல்லை.

நாமே செய்யக் கூடியவை

செய்முறையைச் சொல்லும் புல்லட்டின்தான் வீட்டில் ஸ்பேனர் பிடிப்பவருக்குப் பொக்கிஷம். எனக்குத் தெரிந்து இதற்கு ஃபோர்டின் 08-7-6 எண் புல்லட்டினை விஞ்சிய உதாரணம் இல்லை. 2004 முதல் 2008 வரையிலான எஃப்-150, 2005 முதல் 2008 வரையிலான எக்ஸ்பெடிஷன், லிங்கன் நேவிகேட்டர் வண்டிகளில் வந்த 5.4 லிட்டர், சிலிண்டருக்கு மூன்று வால்வு எஞ்சினுக்கானது அது. ஸ்பார்க் பிளக் மாற்றுவது சின்ன வேலை என்று யாரும் நினைப்போம். இந்த எஞ்சினில் அப்படி இல்லை. பிளக்கின் கீழ்ப்பகுதி நீளமான மெல்லிய குழாய் போல சிலிண்டர் ஹெட்டுக்குள் இறங்கியிருக்கும். அது தனித் துண்டு. வருஷக்கணக்கில் அதைச் சுற்றிக் கார்பன் படிந்து இறுகிவிடும். வழக்கம்போல ராட்செட்டைப் போட்டுத் திருப்பினால் மேல்பாதி கையோடு வரும், கீழ்க்குழாய் உள்ளேயே நின்றுவிடும். எட்டு பிளக். எத்தனை உடையும் என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

புல்லட்டின் சொல்லும் முறை இது. எஞ்சின் சூடாக இருக்கும்போது தொடவே கூடாது, அறை வெப்பநிலைக்கு ஆற வேண்டும். பிளக்கை எட்டில் ஒரு சுற்று, மிஞ்சினால் கால் சுற்று மட்டும் தளர்த்தி நிறுத்த வேண்டும். பிளக் குழிக்குள் கார்புரேட்டர் கிளீனரை அரை, முக்கால் டீஸ்பூன் அளவு விட வேண்டும். அதற்கு மேல் விட்டால் திரவம் சிலிண்டருக்குள் இறங்கி, ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சினையே கெடுத்துவிடும். குறைந்தது பதினைந்து நிமிஷம் ஊற விட வேண்டும். அந்த நேரத்தில் பிளக்கை முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்கக் கூடாது. பிறகு கையால், காற்று ரெஞ்ச் இல்லாமல், கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, மறுபடி இறுக்கி வெளியே கொண்டுவர வேண்டும். கிறீச்சென்று சத்தம் வரும், முரண்டு பிடிக்கும் என்று புல்லட்டினே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பயந்து பலத்தைக் கூட்டுகிறவர்தான் உடைக்கிறார். புதுப் பிளக்கைப் போடும்போது கீழ்க்குழாயில், மறுபடி இறுகிப் பிடிக்காமலிருக்க, நிக்கல் ஆன்ட்டி-சீஸ் பசையை மெல்லத் தடவி, 34 நியூட்டன் மீட்டர் டார்க்கில் (முறுக்கு விசையில்) முடுக்க வேண்டும்.

இதை வீடியோவிலும் பார்க்கலாமே என்றால், பார்க்கலாம்தான். ஆனால் வீடியோ போடுகிறவர் தனக்குச் சரியாக வந்ததைக் காட்டுகிறார். ஒருவர் கிளீனரைத் தாராளமாக ஊற்றுகிறார், இன்னொருவர் எஞ்சினைச் சூடாக்கிவிட்டு எடுப்பதுதான் சுலபம் என்கிறார். வீடியோவில் கை எங்கே போகிறது, எந்தப் போல்ட் எந்த மூலையில் ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். அளவையும் டார்க்கையும் புல்லட்டினிலிருந்து எடுங்கள். இரண்டும் முரண்பட்டால் புல்லட்டின் பக்கம் நிற்பேன்.

வெளி மெக்கானிக்கிடம் இதே வேலையைக் கொடுப்பதாக இருந்தாலும் புல்லட்டின் உதவுகிறது, வேறு மாதிரி. "08-7-6 தெரியுமா?" என்று கேளுங்கள். இந்த எஞ்சினில் அடிக்கடி வேலை செய்கிறவர் சிரிப்பார். "உடைஞ்சா ஒவ்வொண்ணுக்கும் தனிக் காசு" என்று முன்னாலேயே சொல்லுவார். உடைந்த துண்டை வெளியே எடுக்கும் டூல் அவரிடம் தயாராக இருக்கும். தெரியாதவர் "அதெல்லாம் ஒண்ணும் இல்ல, பிளக்தானே" என்பார். அந்த இடத்திலேயே உங்கள் முடிவு முடிந்துவிட்டது.

எஞ்சினைப் பிரிக்கச் சொல்பவை

இங்கேதான் ஒப்பீடு சூடுபிடிக்கிறது. 2007 முதல் 2009 வரையிலான நாலு சிலிண்டர் கேம்ரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2.4 லிட்டர், 2ஏஇசட்-எஃப்இ எஞ்சின். பிஸ்டனின் ஆயில் ரிங்கில் பிசுக்கு அடைத்துக்கொண்டு, சிலிண்டர் சுவரில் ஒட்டும் ஆயிலைச் சரியாக வழித்துவிடாமல் எரியவிடும். 2011-ல் வந்த புல்லட்டின் முதலில் சோதனையைச் சொல்கிறது: ஆயில் மாற்றி, அளவைச் சரியாக நிரப்பி, இடையில் யாரும் ஊற்றாதபடி அடையாளம் வைத்துவிட்டு 1,200 மைல் ஓட்ட வேண்டும். ஒரு குவார்ட்டுக்கு (கிட்டத்தட்ட ஒரு லிட்டர்) மேல் குறைந்திருந்தால் பிஸ்டனும் ரிங்கும் மாற்ற வேண்டும். பிஸ்டனே புது வடிவமைப்பு. வெறும் ரிங் மாற்றிப் பயன் இல்லை. அப்புறம் டொயோட்டா வாரன்டியை நீட்டியது: வண்டி முதலில் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து பத்து வருஷம் அல்லது 1,50,000 மைல், எது முதலில் வருகிறதோ அதுவரை. அந்தக் காலமெல்லாம் போய்விட்டது. இன்று அப்படி ஒரு கேம்ரி உங்களிடம் இருந்தால் என்ன செய்வது?

ஒரு வழி, புல்லட்டின் சொன்னபடி பிஸ்டன் மாற்றுவது. ஹெட்டைக் கழற்றி, கீழே ஆயில் பேனைக் கழற்றி, நாலு பிஸ்டனையும் வெளியே எடுக்கும் வேலை. டீலரிடம் ஆயிரக்கணக்கில் டாலர். வண்டியின் சந்தை விலையே அந்த எண்ணுக்குப் பக்கத்தில்தான் நிற்கும். இரண்டாவது வழி, ஜங்க்யார்டில், அதாவது நம்மூர்க் காயலான் கடையில், ஓட்டம் கம்மியான ஒரு பழைய எஞ்சினை வாங்கிப் போடுவது. நிறைய மெக்கானிக்குகள் இதைத்தான் சொல்வார்கள், வேலை அவர்களுக்குச் சுலபம். புல்லட்டினைப் படித்தவருக்கு மட்டும் இதிலுள்ள ஓட்டை தெரியும்: அந்த எஞ்சினும் அதே வருஷத்தது, அதே பழைய பிஸ்டன். 80,000 மைல் ஓடியது என்று வாங்கிப் போட்டால், இன்னும் 40,000 மைலில் அதுவும் ஆயில் குடிக்க ஆரம்பிக்கலாம். புதுப் பிஸ்டன் போட்டு ரீபில்ட் செய்த எஞ்சின் என்றால் சரி. அதற்கு ரசீதில் பார்ட் நம்பரைக் காட்டச் சொல்லுங்கள்.

மூன்றாவது வழி, ஆயில் ஊற்றிக்கொண்டே ஓட்டுவது. கேட்டால் சோம்பேறித்தனம் போல இருக்கும். கணக்குப் பாருங்கள். 1,200 மைலுக்கு ஒரு குவார்ட், வருஷத்துக்கு 12,000 மைல் ஓட்டம் என்றால் கூடுதலாகப் பத்துக் குவார்ட். வால்மார்ட் பிராண்ட் ஆயில் வாங்கி ஊற்றினால் குவார்ட் ஐந்தாறு டாலர் என்றே வைத்தாலும் வருஷம் அறுபது டாலருக்குள் முடிந்துவிடும். பிஸ்டன் செலவை அறுபதால் வகுத்துப் பாருங்கள், வண்டி துருப்பிடித்துப் போகும்வரை ஊற்றலாம். என்னைக் கேட்டால், இந்த அளவில் குடிக்கும் பழைய கேம்ரிக்கு இதுதான் சரியான முடிவு. ஒவ்வொரு இரண்டாவது பெட்ரோல் நிரப்பலிலும் டிப்ஸ்டிக்கைப் பார்க்கும் ஆள் வீட்டில் இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. ஆயில் குறைந்து எஞ்சின் பிடித்துக்கொண்டால் கணக்கெல்லாம் கவிழ்ந்துவிடும். கல்லூரிக்குப் போகும் பிள்ளையிடம் கொடுக்கப் போகிற வண்டி என்றால் நான் யோசிப்பேன்.

ஆயில் ஊற்றும் வழிக்கு ஓர் எல்லையும் இருக்கிறது. எரிந்த ஆயிலின் மிச்சம், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரில் போய்ப் படியும். நாளாக ஆக அது செயலிழந்து, பி0420 என்று கோளாறு எண் வரும். கலிஃபோர்னியாவில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புகைப் பரிசோதனை. அங்கே தோற்றால் கன்வர்ட்டர் வாங்க வேண்டும், அது பெரிய செலவு. ஆகவே 1,200 மைலுக்கு ஒரு குவார்ட் என்பது 500 மைலுக்கு ஒரு குவார்ட் ஆகிவிட்டால், அல்லது பின்னால் நீலப் புகை தெரிந்தால், விற்பதைப் பற்றிப் பேசலாம். வாங்குபவரிடம் சொல்லிவிட்டு விற்பது நல்லது. வேறு கேம்ரி பார்க்கிறவர்கள், 2010-லிருந்து ஹைப்ரிட் அல்லாத நாலு சிலிண்டர் கேம்ரியில் வேறு எஞ்சின், 2.5 லிட்டர், என்பதைக் குறித்துக்கொள்ளலாம்.

இந்த எல்லா வழிக்கும் முன்னால் அந்த 1,200 மைல் சோதனையைச் செய்ய வேண்டும். ஆயில் குறைகிறது என்றதும் "ஓ, அந்தப் புல்லட்டின்" என்று முடிவுகட்டிவிடுவது பெரிய ஆபத்து. வால்வ் கவர் கேஸ்கட்டில் கசிந்தாலும் குறையும், எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வு அடைத்தாலும் குறையும். அவை சின்னச் செலவு. சோதனையை வீட்டிலேயே செய்யலாம்: சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் ஆறியபின் டிப்ஸ்டிக்கைப் பார்த்து, ஓடோமீட்டர் எண்ணை எழுதி வைத்தால் போதும்.

சிவிக் கதை இதைவிடக் கடுமை. 2006 முதல் 2008 வரையிலும், 2009-ன் தொடக்க வண்டிகள் சிலவற்றிலும், 1.8 லிட்டர் எஞ்சின் பிளாக்கிலேயே விரிசல் விட்டுக் கூலன்ட் கசியும். ஹோண்டா பிளாக்குக்கு மட்டும் வாரன்டியைப் பத்து வருஷமாக நீட்டியது, மைல் கணக்கு இல்லாமல். அதுவும் முடிந்துபோனது. இங்கே ஊற்றிக்கொண்டே ஓட்டும் வழி கிடையாது. கூலன்ட் குறைந்து சூடேறினால் ஹெட்டும் சேர்ந்து போகும். கசிவை அடைக்கும் டப்பா மருந்தை ஊற்றிப் பார்க்கிறவர்கள் உண்டு. அது விற்கிறவருக்கு உதவலாம், ஓட்டுகிறவருக்கு உதவாது. மீதியிருப்பது எஞ்சின் மாற்றம்தான். இதிலும் புல்லட்டின் எந்த எஞ்சினை வாங்கக் கூடாது என்று சொல்லிவிடுகிறது: 2007 சிவிக்குக்கு 2007 எஞ்சினையே தேடாமல், பிளாக் திருத்தப்பட்ட பிந்தைய வருஷத்து எஞ்சின் பொருந்துமா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். செகண்ட் ஹேண்டில் இந்த வருஷத்துச் சிவிக் வாங்கப் போகிறவர் டார்ச்சோடு போய், பிளாக்கில் கூலன்ட் காய்ந்த கறை இருக்கிறதா, ரிசர்வ் டேங்கில் அளவு குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிளாக் மாற்றிய ரசீதைக் காட்டினால் அந்த வண்டிக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். விரிசல் விட்ட கதை கேட்டு முகம் சுளிக்காதீர்கள், மாற்றாத வண்டியைவிட மாற்றிய வண்டி மேல்.

மெக்கானிக்கிடம் பேசும்போது ஒரு விஷயம். புல்லட்டினில் போட்டிருக்கும் மணி நேரம், வாரன்டி வேலைக்குக் கம்பெனி டீலருக்குக் கொடுக்கும் கணக்கு. கம்பெனி அதைச் சிக்கனமாகத்தான் போடும். வெளியே நாம் கொடுக்கும் வேலைக்கான கணக்கு அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். அந்த எண்ணைக் காட்டி "கம்பெனியே இத்தனை மணிதான் சொல்லியிருக்கிறது" என்று பேரம் பேசினால் நல்ல மெக்கானிக் கழன்றுகொள்வார். சோதனை முறையையும் பார்ட் நம்பரையும் காட்டுங்கள், நேரத்தை அவர் சொல்லட்டும்.

டீலர்தான் சரி என்பவை

மென்பொருள் வேலை என்றால் பெரும்பாலும் டீலர். ஹூண்டாய், கியா வண்டிகளின் தீட்டா-2 எஞ்சின் இதற்கு நல்ல உதாரணம். சொனாட்டா, ஆப்டிமா, சொரென்டோ என்று நம்மவர்கள் வாங்கிய வண்டிகள்தான். கனெக்டிங் ராடு பேரிங் தேய்ந்து எஞ்சின் பிடித்துக்கொள்ளும் பிரச்சினை. கம்பெனி ஒரு மென்பொருள் கொண்டுவந்தது; பேரிங் தேயும்போது எழும் அதிர்வை நாக் சென்சார் வழியாகக் கேட்டு, எஞ்சின் முழுசாகப் போவதற்கு முன் எச்சரிக்கை விளக்கைப் போட்டு வேகத்தைக் குறைத்துவிடும். இதை டீலர் இலவசமாகப் போட்டுத் தருகிறார். வண்டி வாங்கியவர்கள் போட்ட வழக்கின் தீர்வின்படி, இந்த மென்பொருளைப் போட்டுக்கொண்ட வண்டிகளுக்கு அந்த பேரிங் சேதத்துக்கு நிபந்தனைகளோடு வாழ்நாள் வாரன்டியும் உண்டு. வெளி மெக்கானிக்கிடம் ஐம்பது டாலர் மிச்சம் பிடிக்கப் போய் இதைத் தவறவிடுவது நஷ்டம். ஆயில் மாற்றிய ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள், வாரன்டி கேட்கப் போனால் கேட்பார்கள்.

ரீகாலும் டீலர்தான். ரீகாலை இலவசமாகச் செய்துதர வேண்டிய சட்டக் கடமை, வண்டி முதலில் விற்கப்பட்டு பதினைந்து வருஷம் வரைதான். ஆனாலும் பழைய வண்டிக்காரர்கள் ஒருதடவை வின் எண்ணைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும், முக்கியமாக டகாட்டா கம்பெனி செய்த ஏர்பேக்குக்காக. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி ஏர்பேக்குகள் அந்த ரீகாலில் வந்தன. 2001 முதல் 2003 வரையிலான சில ஹோண்டா, அக்யூரா வண்டிகளில் விபத்தின்போது அந்த ஏர்பேக்கை ஊதும் இன்ஃப்ளேட்டர் வெடித்துச் சிதறும் வாய்ப்பு 50 சதவீதம் வரை போகலாம் என்று 2016-ல் என்.எச்.டி.எஸ்.ஏ. எச்சரித்தது. ஆயில் குடிக்கிறதா, பிளக் உடையுமா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

புல்லட்டின் வாய் திறக்காத இடம்

எல்லாக் கோளாறுக்கும் புல்லட்டின் இருக்காது. கம்பெனி இதை எழுதுவது வாரன்டி காலத்தில் வரும் புகாரைச் சீக்கிரம், கம்மிச் செலவில் முடிப்பதற்காக. மாடல் வந்து ஏழெட்டு வருஷம் ஆனால் அக்கறை குறைந்துவிடும். பதினெட்டு வருஷத்தில் ரப்பர் புஷ் வெடிப்பது, பிரேக் குழாய் துருப்பிடிப்பது, ஒயர் மேல்தோல் உதிர்வது போன்ற வயசான காலத்து நோய்களுக்கு அங்கே பதில் தேடினால் நேரம்தான் வீண். அதற்கு சர்வீஸ் மேனுவலும், கையால் அசைத்துப் பார்த்துச் சொல்லும் அனுபவசாலி மெக்கானிக்கும்தான். மிச்சிகன், ஒஹாயோ மாதிரி பனி கரைய ரோட்டில் உப்புப் போடும் ஊர்களில் லிஃப்ட்டில் ஏற்றிக் கீழே பார்ப்பதுதான் முதல் வேலை. அடியில் துரு தின்ற வண்டிக்குப் பிஸ்டன் மாற்றுவதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு

"எங்களுக்கு இதெல்லாம் கிடைக்குமா?" என்று ஊரிலிருந்து கேட்பார்கள். அமெரிக்கா மாதிரிப் பொதுமக்கள் தேடிப் பார்க்கும் புல்லட்டின் தொகுப்பு அங்கே இல்லை. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் பதினான்கு கார் கம்பெனிகள் மீது ரூ. 2,544 கோடிக்கு மேல் அபராதம் போட்டு, ஸ்பேர் பார்ட்ஸையும் சோதனைக் கருவிகளையும் வெளிச் சந்தையில் கிடைக்கச் செய்யச் சொன்னது. விவகாரம் மேல்முறையீட்டுக்குப் போனது. 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு இணையதளமும் தொடங்கியது. கட்டாய ரீகால் விதிகள் 2021 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருந்தாலும் ஏழு வயதுக்குட்பட்ட வண்டிகளுக்குத்தான். ஆக, பழைய வண்டிக்காரருக்கு அரசாங்க வழியில் பெரிதாக ஒன்றும் இல்லை.

ஆனால் எஞ்சின் பொதுவானதாக இருந்தால் வெளிநாட்டுப் புல்லட்டின் உதவும். 2006-ல் இந்தியாவுக்கு வந்த சிவிக்கிலும் 1.8 லிட்டர் எஞ்சின்தான். அப்போது விற்ற கேம்ரியிலும் 2.4 லிட்டர் எஞ்சின்தான். அமெரிக்கப் புல்லட்டினின் வின் வரம்பு இந்திய வண்டிக்குப் பொருந்தாது, பார்ட் நம்பரும் மாறலாம், ஆகவே அதை வைத்துக்கொண்டு பார்ட் ஆர்டர் செய்யக் கூடாது. சோதனை முறைக்கு நாடு இல்லை. 1,200 மைல் என்பது ஏறக்குறைய 1,930 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரி போய்த் திரும்பி வந்தாலே முக்கால்வாசி முடிந்துவிடும். குறைந்த ஆயில் ஒரு லிட்டருக்குள் இருந்தால் டிப்ஸ்டிக்கைத் துடைத்து வைத்துவிட்டு ஓட்டுங்கள். அதற்கு மேல் போனால், முதலில் பிசிவி வால்வைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், எஞ்சினைப் பிரிக்கும் பேச்சு அப்புறம்.